நீலாம்பாள் பூசை

"அவ பூசையில இருக்கா. இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா" என்றாள் பார்வதியம்மாள், தம்பி வைத்தியலிங்கத்திடம்.

வைத்தியலிங்கம் ஜெயிலிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சுதேசி மேடையில் பேசியதை 'நான் பேசவில்லை' என்று கோர்ட்டில் சொல்லச் சொல்லி வக்கீல் கெஞ்சினார். பொய் சொல்ல மாட்டேன் என்று நாலு வருஷம் கல் உடைத்தார்.

திரும்பி வந்தால், ஊரே அவர் மனைவி நீலாம்பாளைக் கையெடுத்துக் கும்பிடுகிறது. சாயங்காலம் பூசையறையைத் தாழ்போட்டாளென்றால் சிவனே கதி. வேறு நினைப்பே கிடையாதாம்.

வாசலில் அவரைப் பார்க்க வந்த கல்லிடைக்குறிச்சி அப்பாத்துரை காத்திருந்தார். கொஞ்ச நேரம் முன்புதான் அவரிடம் வைத்தியலிங்கம் வெள்ளைக்காரனைப் பற்றி முழங்கியிருந்தார்: "கேக்காம அடுத்தவன் வீட்டுல நுழையிதவன் எவனா இருந்தாலும் கள்ளன்தான், வே!"

வந்த மனிதருக்கு ஒரு வாய் காப்பி கொடுக்க நீலாம்பாளை விட்டால் ஆளில்லை.

"சாமியாம் சாமி! பட்டை போட்டவனெல்லாம்தான் வெள்ளைக்காரன் கோர்ட்டுக் கச்சேரியில கைகட்டி நின்னான்!"

வைத்தியலிங்கம் பூசையறைக் கதவை ஓங்கித் தட்டினார். பதில் இல்லை.

"ஏலே, வேண்டாம்லே! சாமிக் குத்தம் ஆயிரும்" என்று அக்கா பதறினாள்.

அவர் புறவாசல் வழியே போய்ப் பூசையறைச் சன்னலைத் தள்ளித் திறந்தார்.

விளக்கு ஏற்றவில்லை. பறித்த பூ தட்டிலேயே கிடந்தது. சாமிக்கு முன்னால் காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள் நீலாம்பாள்.

"அடிப்பாவி! இதுதான் உன் பூசையா?"

விழித்தவள் நீட்டிய காலை மடக்கவில்லை.

"பைய பேசுங்க. கேக்காம நுழையிதவன் கள்ளன்னு இப்பத்தானே வாசல்ல சத்தம் போட்டிய?"

அவர் சன்னலிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்க போன நாள்ல இருந்து இந்த வீட்டுல என்னைய ஏவாத வாய் இல்ல. படுத்திருக்கேன்னா எழுப்புதாக. சாமி கும்பிடுதேன்னாத்தான் விடுதாக. இனி ஊரக் கூட்டிச் சொல்லணும்னா போய்ச் சொல்லுங்க."

வைத்தியலிங்கம் சன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அவர் வீட்டுக்குள் திரும்பியபோது அக்கா காத்து நின்றாள். "என்னலே, பூசை முடியப் போகுதா?"

வக்கீல் அத்தனை கெஞ்சியும் கோர்ட்டில் அவர் வாயில் வராத பொய், அடுப்படி வாசலில் தடங்கல் இல்லாமல் வந்தது.

"இப்பத்தான்க்கா அபிஷேகமே ஆரம்பிச்சிருக்கா. காப்பித்தூள் எங்கன இருக்கு?"