உண்மைக்கு மானிய விலை

பெட்ரோல் விலை எகிறியதால் ஒவ்வொரு பங்க்கிலும் அரசு ஒரு கண்காணிப்புப் பெட்டியை வைத்திருந்தது. எதற்காகப் போகிறோம் என்று உண்மையைச் சொன்னால் மானிய விலை. பொய் சொன்னால் இரட்டை விலை.

வசுமதி ஸ்கூட்டரை நிறுத்தினாள்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்ல."

"பொய்," என்றது பெட்டி. வரிசையில் சிரித்தார்கள்.

"சரி, புருஷனோட சண்டை. அம்மா வீட்டுக்குப் போறேன். போதுமா?"

"உண்மை."

டேங்க் நிரம்பும்போது, பெட்ரோல் தீர்ந்துபோன பைக்கைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான் அவள் கணவன் திருமாறன்.

"காரணம் சொல்லுங்கள்," என்றது பெட்டி.

அவன் வசுமதியைப் பார்த்தான். "தப்பு என் மேலதான். இவளத் திரும்பக் கூட்டிட்டுப் போகணும்."

"உண்மை."

வசுமதி பெட்டியை நெருங்கினாள்.

"அத ரசீதுல அடிச்சுக் குடுங்க."

வந்த ரசீதை இரண்டு முறை படித்துவிட்டு, ஸ்கூட்டரை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.