பொன்னிறமாகும் வரை

கடற்கரையில் ஒரு வானொலி நிலையம் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே அலைவரிசை. பகலில் ஒன்றின் குரல் மற்றதன் ஊருக்கு எட்டாது. பொழுது சாய்ந்தால் இரண்டு குரல்களும் வானத்தில் பட்டுத் தெறித்து வெகுதூரம் போகும்.

அன்று மாலை கடற்கரை நிலையம் புயல் எச்சரிக்கை படித்தது. அதே நேரம் மலை நிலையம் சமையல் குறிப்பு சொல்லி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தது. படகுக்காரர் சூசையின் பழைய ரேடியோ, காதில் விழுந்ததை அப்படியே சொன்னது.

"மீனவர்கள் பொன்னிறமாகும் வரை கடலுக்குச் செல்ல வேண்டாம்."

சூசை அதன் மண்டையில் ஓங்கித் தட்டினார். "என்னடா உளர்றே? எது பொன்னிறமாகணும்?"

"எனக்கென்னண்ணே தெரியும்? ரெண்டு பேரும் சேர்ந்து பேசுறாங்க" என்று முனகிய ரேடியோ, நிலையங்களிடம் கெஞ்சியது. "யாராவது ஒருத்தர் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"இது என் அலைவரிசை. நான் ஏன் நிறுத்தணும்?" என்றது கடற்கரை நிலையம்.

"நிறுத்தினா வெங்காயம் கருகிடும்" என்றது மலை நிலையம்.

இரண்டும் குரலை உயர்த்தின. அப்புறம் வெறும் இரைச்சல்தான்.

விடியற்காலையில் சூசை குழப்பத்தோடு கரையில் நின்றார். சூரியன் எழுந்தது. கடல் முழுக்கப் பொன்னிறமானது.

"அட, இதைத்தான் சொன்னியா!" என்று படகைத் தள்ளிக்கொண்டு போனார்.

வெயில் ஏறியதும் மலைக்குரல் அடங்கிவிட்டது. "மீனவர்கள் இன்று கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று ரேடியோ தெளிவாகச் சொன்னது. அதன் மண்டையில் தட்ட வீட்டில் யாரும் இல்லை.