மறை, மடக்கு

சுவர்கள் நகரும் அந்த ஃப்ளாட்டில் யாராவது ஊருக்குப் போனால் ஹால் திரையில் இரண்டு பொத்தான்கள் தோன்றும். ‘மறை’யை அழுத்தினால் ஆள் மட்டும்தான் மறைந்த கணக்கு; அவர் அறை அப்படியே இருக்கும். ‘மடக்கு’ என்றால் சுவர்கள் நெருங்கிவந்து, அந்த இடத்தை மற்ற அறைகள் எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் புரோகிராம் எழுதியவர் தணிகாசலம்தான். கம்பெனியில் அதற்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

பழனிக்குப் போய் மூன்றாம் நாள் மொட்டைத் தலையோடு திரும்பிய தணிகாசலத்தின் அறையைக் காணவில்லை. சமையலறை அந்த இடம்வரை நீண்டிருந்தது. கேடயத்தின் மேல் சட்னிப் பாத்திரம் இருந்தது. அவர் கட்டில் கிடந்த இடத்தில் உட்கார்ந்து மனைவி பூங்கோதை கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மூணே நாள் கோதை! அதுக்குள்ள மடக்கிட்டியா?”

“மூணு நாளும் கையக் கால நீட்டி நிம்மதியா சமைச்சேங்க.”

கோபத்தோடு பக்கத்துக் கதவைத் திறந்தார். கனடாவுக்குப் போன மகன் முகிலின் அறை ஓர் அங்குலம்கூடக் குறையாமல், துவைத்த படுக்கை விரிப்போடு இருந்தது.

“இவன் போய் எட்டு வருஷமாச்சு. இத மட்டும் ‘மறை’யிலயே வச்சிருக்க?”

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“நீங்கதான் எப்படியும் திரும்பி வந்துடுவீங்களே.”