தண்ணீர் ஓடும் பக்கம்

ஜோகுபாளையத்து வீட்டுச் சமையலறையில் உத்தமன் வெறுங்காலோடு குந்தியபடி டைல்ஸ் அறுக்கிறான். அறுக்கும் சக்கரத்தை நனைக்கும் தண்ணீர் வெள்ளைச் சேறாகித் தரையில் ஓடுகிறது. காபியோடு வரும் வீட்டுக்காரி லவினா வாசலிலேயே நின்றுவிடுகிறாள். மெஷினின் வயரைச் செருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கிறது. தண்ணீர் அதை நெருங்கிவிட்டது. “உத்தமா, நிறுத்துப்பா” என்கிறாள். இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவனைத் தொடவும் பயம். காபியைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடி மெயின் ஸ்விட்சைக் கீழே தள்ளுகிறாள். சக்கரம் முனகியபடி அடங்குகிறது. “கரண்ட் போயிடுச்சாக்கா?” என்று திரும்புகிறான். “நான்தான் மெயினை அணைச்சேன், கீழ பாரு” என்று கூடத்திலிருந்து கத்துகிறாள். அவன் பாக்ஸைப் பார்க்கிறான். அதன் அடியில் தண்ணீர் நுழைந்திருக்கிறது. அவன் பாதங்களும் அதே தண்ணீரில்தான் இருக்கின்றன. குந்தியபடியே, “நான் எழுந்து வர்ற வரைக்கும் ஸ்விட்ச்லருந்து கைய எடுக்காதீங்கக்கா” என்கிறான். லவினா இரண்டு கைகளாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.