நேற்று வெளுத்த அங்கி

“பால் குடிச்ச உடனே பிள்ளையைப் படுக்கப் போடாதீங்க. தோள்ல சாய்ச்சு, முதுகைப் பையத் தட்டுங்க” என்றாள் சாலோமி.

பாக்கியசீலன் தோளில் ஒரு பழந்துணியை விரித்து, மகனைச் சாய்த்துக்கொண்டார்.

“இன்னைக்கு ஞானஸ்நானம். போதகர் கையில இருக்கும்போது கக்கிட்டான்னா? வெள்ளை அங்கி! நேத்துத்தான் வெளுத்தது.”

“கக்கட்டுமே. போதகரும் பிள்ளை பெத்தவர்தானே?” என்றார் அவர்.

“அவருக்கென்ன, சிரிச்சிட்டுப் போயிருவாரு. வெளுக்கிறவளுக்குல்லா தெரியும்!”

அதற்குள் பயல் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டான். இருவருக்கும் உயிர் வந்தது.

கோவில் மணி அடித்தது. “நான் முன்னால போறேன். வில்வண்டி வேண்டாம், குலுக்கும். பைய நடந்தே தூக்கிட்டு வா” என்று சொல்லிவிட்டுப் பாக்கியசீலன் கிளம்பினார்.

கோவிலில் தண்ணீர்த் தொட்டியருகே நின்ற போதகரிடம் சாலோமி பிள்ளையைக் கொடுத்தாள். நெற்றியில் தண்ணீர் பட்டதும் பயல் வீறிட்டான். மறுநொடி, குடித்த பாலில் பாதி அங்கியின் தோளில் வழிந்தது.

போதகர் பதறாமல் பிள்ளையைத் தோளில் சாய்த்து, முதுகைப் பையத் தட்டினார்.

“தோள்ல போட்டிருந்த பழந்துணியை வீட்டிலேயே விட்டுட்டு வந்துட்டேனே, சாலோமி!” என்றார்.

கோவிலே சிரித்தது. போதகர் பாக்கியசீலனும் சிரித்தார்.

சாலோமி மட்டும் சிரிக்கவில்லை. அவர் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்: “இந்தத் தடவை அங்கியை ஆத்துக்குக் கொண்டுபோயி நீங்களே வெளுங்க.”