மலைமேல் இருப்பவள் சொன்ன திசை

"இன்னிக்கும் ஒண்ணுமில்ல. மூணாவது நாள்!" நீச்சல் கண்ணாடியைப் படகின் தரையில் எறிந்தாள் கார்லோட்டா.

கோபப்பட வேண்டியவர்கள், டால்ஃபின்களோடு நீந்த வந்திருந்த எட்டுப் பயணிகள்தான். ஆனால் வழிகாட்டியான அவளுக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம்.

டென்மார்க்கிலிருந்து முதுகுப்பையோடு வந்திருந்த சிக்னே, ஈரமே படாத நீச்சல் உடையில் உட்கார்ந்தபடி கேட்டாள். "டால்ஃபின் எங்கே இருக்குன்னு உங்களுக்கு யார் சொல்றாங்க?"

"மலைமேல ஒருத்தி உட்கார்ந்திருக்கா. சுல்மீரான்னு பேரு. தொலைநோக்கியில பார்த்து வயர்லெஸ்ல திசை சொல்லணும். அதுக்குத்தான் சம்பளம்."

"அவங்க சொன்ன இடத்துக்குத்தானே போனோம்?"

"மூணு நாளும் போனோம்! தென்மேற்கே நாலு மைல்னா. போய்ப் பார்த்தா ஒரு கடல்பறவைகூட இல்ல."

படகோட்டி கில்பெர்ட்டோ தாடையைச் சொறிந்தார். "அதாம்மா எனக்கும் புரியல. சூரை மீன் பிடிக்கப் போற பசங்க வேற மாதிரி சொல்றாங்க. துறைமுகத்துக்குக் கிழக்கே, அந்த மலையடிப் பாறை ஓரமாவே ஒரு பெரிய கூட்டம் சுத்துதாம்."

"கேட்டீங்களா? காலடியில இருக்கிறது கண்ணுல படல! பள்ளிக்கூடத்துல எனக்குப் பக்கத்து பெஞ்சு அவ. அப்பவே பாடத்தைப் பார்க்க மாட்டா, ஜன்னலைத்தான் பார்ப்பா."

"அதனாலதான் அந்த வேலையே கிடைச்சிருக்கு."

"சிரிக்காதீங்க அண்ணே. இன்னிக்கே முதலாளிகிட்ட சொல்லி அவளை மாத்தச் சொல்லப் போறேன்."

"அதுக்கு முன்னாடி அவகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடேன்."

"கேட்கத்தான் போறேன்!"

"நானும் வரட்டுமா?" என்றாள் சிக்னே. "நாளைக்குக் காலையில எனக்குக் கப்பல். டால்ஃபினைத்தான் பார்க்கல, தேடுற இடத்தையாவது பார்த்துட்டுப் போறேன்."

கரையேறி, இருவரும் மூச்சிரைக்க மலை ஏறினார்கள்.

கல் குடிலுக்குள் சுல்மீரா தூங்கவில்லை. தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்தாள். திரும்பாமலே, பட்டம் படித்துவிட்டு வந்த தோழிக்குத் தான் வைத்த பெயரைச் சொல்லி அழைத்தாள்:

"வா, பல்கலைக்கழகம். நடக்கிற சத்தத்திலேயே தெரியுது, சண்டைக்கு வர்றேன்னு."

"டால்ஃபின் எங்கடி?"

சுல்மீரா நகர்ந்து சிக்னேவுக்கு இடம் விட்டாள்.

"ஐயோ! எத்தனை! இதோ, கீழேயே!"

கார்லோட்டா அவளைத் தள்ளாத குறையாக எட்டிப் பார்த்தாள். பாறைக்கு அடியில், அலையில்லாத நீரில் நாற்பதுக்கும் மேல். தாய்களின் விலாவை ஒட்டிக்கொண்டு பிறந்து சில நாளே ஆன குட்டிகள்.

"இவ்வளவையும் வச்சுக்கிட்டு, தெரிஞ்சேதான் எங்களைக் காலிக் கடலுக்கு அனுப்பினியா?"

"ஆமா."

"வெட்கமில்லாம ஆமாங்கிற! இந்தப் பொண்ணு ஆறு மாசம் ஓட்டல்ல பாத்திரம் தேய்ச்சு இங்க வந்திருக்கு. குட்டி இருக்குன்னா இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே? குட்டி இருக்கிற கூட்டத்துல ஆளை இறக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. தூர நின்னு பார்த்துட்டுத் திரும்பியிருப்போம். அதுக்கு எதுக்குப் பொய்? முதலாளிகிட்ட சொல்லாம விட மாட்டேன்."

"சொல்லு. என்னை வேலையை விட்டு எடுத்துடுவார். அது தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"அப்புறம் ஏன்டி?"

சிக்னே தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பினாள். அவளுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

விருந்தாளி முன்னால் சொல்வதா என்று சுல்மீரா தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஞாயித்துக்கிழமை உண்மையைத்தான் சொன்னேன். கில்பெர்ட்டோ அண்ணன் லீவு, படகு உன் கையில. 'குட்டி இருக்கு, ஆளை இறக்காதே'ன்னு வயர்லெஸ்ல ரெண்டு தடவை கத்தினேன். 'சரியா கேட்கல'ன்னு சொல்லிட்டு ஆறு பேரை நடுவுல இறக்கினே. கூட்டம் சிதறிப் போச்சு. ஒரு குட்டி சாயங்காலம் வரைக்கும் தாயைத் தேடி இந்தப் பாறை ஓரமாவே சுத்திச்சு. இங்கேயிருந்து எல்லாம் தெரியும்டி."

கார்லோட்டா கல் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கே முதலாளிகிட்ட சொல்லியிருக்கலாம். உன் வேலை போயிருக்கும். அதுக்குப் பதிலா என் வேலை போனாலும் பரவாயில்லன்னுதான், மூணு நாளா உனக்குத் தப்பான திசை சொல்லிட்டிருக்கேன்."