பூவுக்கு வைத்த பெயர்

“சீக்கிரம் சொல்லு நாகம்மா. தொரை எழுதறதுக்குக் காத்துக்கினு இருக்காரு” என்றான் துபாஷி முகைதீன்.

நாகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டின புருசன் பேரை வாய்விட்டுச் சொல்வதா? சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள்.

“ஊர்ல கூப்புடற பேருதான் உங்களுக்கே தெரியுமே மரைக்காயரே. நண்டு. அதையே எழுதிக்கச் சொல்லுங்க.”

“நண்டுன்னு பூவுக்கு எவனாவது பேரு வெப்பானா? நெசப் பேரு வேணுமாம்.”

பழவேற்காட்டுக் கோட்டைக்குள் அவள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. காலையில் முகைதீனே குப்பத்துக்கு வந்து, “ஒன் புருசன் பறிச்ச பூவுக்கு அவன் பேரையே வெக்கப்போறாரு தொரை, கெளம்பு” என்றபோது, வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பிளந்தார்கள். “அவரு எப்போ வருவாரு?” என்று இவள் கேட்டதற்கு, “மொதல்ல தொரையப் பாரு, அப்பறம் பேசிக்கலாம்” என்று அவசரப்படுத்தினான்.

பெட்டியின் அடியில் கிடந்த கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். துரைக்கென்று ஓலைக்கூடையில் எட்டு நண்டு. இடுப்பில் மூன்று வயது மகள்.

முகத்துவாரம் மணலடித்து மூடி, ஏரியில் இறால் அற்றுப்போன வருசம் அது. கடப்பைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மலைகளில் செடிகொடி சேகரிக்க ஒல்லாந்துத் துரை ஆள் கேட்டார். தண்ணீரிலேயே வளர்ந்த அவள் புருசன், மலை என்றதும் மிரண்டான். “பாய்மரம் ஏர்றவனுக்கு மலை இன்னா பெருசு?” என்று பிடரியைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தவள் நாகம்மாள்தான். நாலு மாசம் ஓடிவிட்டது.

துரை எழுந்து நின்று தாழ்ந்த குரலில் என்னவோ பேசினார். நிறுத்தி நிறுத்தி, நெடுநேரம் பேசினார். முகைதீன் ஒரே வரியில் சொன்னான்.

“ஒன் புருசன் நல்ல வேலக்காரன்னு சொல்றாரு.”

பிறகு துரை ஒரு தாளைப் பிரித்துக் காட்டினார். காய்ந்த செடி ஒன்று. ஐந்து வெள்ளை இதழ்கள், அவை கூடும் நடுவில் மட்டும் சிவப்புக் கீற்று. ஓர் இதழ் கசங்கியிருந்தது. தாம் எழுதிவைத்ததைத் துரை படிக்கப் படிக்க, முகைதீன் தமிழில் சொன்னான்.

“ஒரு சாண் ஒசரம். தடிச்ச எல. எல மேல உப்பு பூத்தாப்பல வெள்ளப் பூச்சு. இந்தப் பூவ இதுக்கு முன்ன ஒலகத்துல யாரும் எழுதி வெச்சதில்லியாம்.”

“மலையே சுண்ணாம்பா மரைக்காயரே? நாம கெளிஞ்சல் சுட்டு எடுக்கறமே, அந்த மாதிரியா?”

“கல்லு. வெள்ளக் கல்லு. செவுரு மாதிரி நிக்கும். அதோட நடு நெஞ்சுல ஒரு வெடிப்பு. அங்கதான் இது மொளைக்கும். மேலருந்தும் கை எட்டாது, கீழருந்தும் எட்டாது.”

“அப்பறம் அவரு எப்பிடிப் பறிச்சாரு?”

“கயிறு கட்டி எறங்கினான்.” முகைதீன் தாளை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

நாகம்மாளுக்கு நெஞ்சு விம்மியது. மலை என்றதும் மிரண்டவனா இவன்! யாரும் தொடாத பூவை எட்டிப் பறித்திருக்கிறான். இதற்கு மேல் பேரை மறைத்தால் அவனுக்குத்தான் அவமானம். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாமி இந்த ஒரு தரம் பொறுத்துக்கொள்ளட்டும்.

“சடையன்.”

அந்தப் பேர் தன் குரலில் எப்படி ஒலிக்கும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. உடம்பெல்லாம் கூசியது. துரை அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, இறகைத் தோய்த்து, தம் பாஷையில் ஒரு வால் சேர்த்து எழுதினார். “சடையானா” என்று வாசித்தார்.

“நைனா பேரு!” என்று குழந்தை கை தட்டியது.

“சீமையில புஸ்தகத்துல போடுவாங்களாம். ஒலகம் இருக்கறவரைக்கும் இந்தப் பேரு அழியாதாம்” என்றான் முகைதீன்.

நாகம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சட்டென்று ஓர் ஆசை கிளம்பியது. இடுப்பிலிருந்த மகளை இரண்டு கையாலும் தூக்கித் துரையின் முன்னால் நீட்டினாள்.

“இவ பேரையும் ஒரு பூவுக்கு வெக்கச் சொல்லுங்க மரைக்காயரே. அவரு அங்கதான இருக்காரு, இன்னொண்ணு பறிச்சி அனுப்ப மாட்டாரா? தொரை, இவ பேரு கன்னியம்மா! கன்னியம்மா, எழுதுங்க!”

துரை புரியாமல் முகைதீனைப் பார்த்தார். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அவர் முகம் சிவந்தது. மேசையை ஓங்கி அறைந்து அவனிடம் கத்தினார்.

முகைதீன் தலைகுனிந்து நின்றான். பிறகு மெல்ல வந்து, அவள் கையிலிருந்த குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்டான்.

“வேணாம் தங்கச்சி. செத்தவங்க பேரத்தான் தொரை பூவுக்கு வெப்பாரு.”